நாற்காலி எண் ஏழு

லூயிசா நல்வழி இல்லத்தின் வாசலுக்கு முதன்முதலாக வந்த அன்று, அவளுடைய துணிப்பையில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்றும், நோட்டுகள் இரண்டும், ஒரு ஜியோமெட்ரி பாக்ஸும் இருந்தன. இவற்றை உள்ளே இருக்கும் மகன் டென்சிலிடம் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மதியத்துக்குள் வீடு திரும்பிவிடலாம் என்று அவள் எண்ணியிருந்தாள். அவ்வாறு எண்ணியதில் அவள்மீது குற்றம் காண இயலாது. புத்தகம், நோட்டு, பிள்ளை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் அதுதான் கல்வி என்று அவள் அதுவரை நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையைத் திருத்துவதற்கென்றே ஒரு திட்டம் வந்திருப்பது அவளுக்குத் தெரியாது.

டென்சிலுக்கு வயது பதினாறு. பொதுத்தேர்வில் மற்ற பாடங்களில் எல்லாம் தேறி, கணக்கில் மட்டும் தவறியிருந்தான். முடிவு வந்த நாளன்று, கணக்குப் போன துக்கத்தை ஆற்றுவதற்காகக் கூட்டாளி ஒருவன் அவனைத் தன் பைக்கின் பின்னால் உட்காரவைத்துப் பங்காரப்பேட்டை வரை கூட்டிப்போனான். பைக் கூட்டாளியுடையது அல்ல என்பது பங்காரப்பேட்டையில் போலீஸ்காரர் நிறுத்தியபோதுதான் டென்சிலுக்குத் தெரிந்தது. ஓட்டியவனுக்குப் பதினெட்டு வயது நிறைந்திருந்ததால், அவன் பத்தாம் நாள் ஜாமீனில் வீட்டுக்குப் போய்விட்டான். டென்சில் சிறுவன்; ஆகவே அவனுடைய நலனை முன்னிட்டு அவன் உள்ளே வைக்கப்பட்டான்.

கணக்கில் மறுதேர்வு எழுதித் தேறினால் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்புக்கு இடம் உண்டு. தேறாவிட்டால் ஓர் ஆண்டு போகும். அந்த மாதிரி இடத்திலிருந்து வெளியே வரும் பிள்ளைக்கு ஓர் ஆண்டு போனால், மற்ற ஆண்டுகளும் அதன் பின்னாலேயே போய்விடுகின்றன. இதைத் தங்க வயலின் சாம்பியன் ரீஃபில், சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளான தன் லைனிலேயே இரண்டு வீடுகளில் லூயிசா பார்த்திருக்கிறாள். தேர்வு விண்ணப்பத்தில் இல்லத்தின் கண்காணிப்பாளர் கையொப்பமிட வேண்டும். அவள் கேட்க வந்தது அந்த ஒரு கையொப்பம்தான்.

வாசல் அறையில் எழுத்தர் ஏசுபாதம் உட்கார்ந்திருந்தார். அவர் லூயிசாவின் லைனுக்கு அடுத்த லைனில் பிறந்து வளர்ந்தவர்.

“ஏசுபாதம் அண்ணே, இத்த உள்ள குடுத்துடுங்க. அப்டியே அய்யா கையில இந்த ஃபாரத்துல ஒரு கையெழுத்து வாங்கிக் குடுத்தீங்கன்னா, நான் போய்க்கினே இருப்பேன்.”

“இன்னா லூயிசா, நீ பழைய காலத்துலயே கீறியே! இப்பல்லாம் குடுத்துட்டுப் போற வேலையே கெடையாது. பங்கேற்கணும்.”

“பங்கேற்கறதுன்னா இன்னாண்ணே?”

“எனுக்கு மட்டும் தெரியுமா? போர்டு மாட்டச் சொன்னாங்க, மாட்டிக்கீறேன்.”

பையிலிருந்தவை முறைப்படி சோதிக்கப்பட்டன. காம்பஸும் டிவைடரும் கூர்முனை உடையவை என்பதால் ஆயுதப் பதிவேட்டில் ஏறின. அளவுகோல் நீளமாக இருந்ததால் ஏறியது. பாகைமானி ஆபத்தற்றது என்றே முடிவாயிற்று. ஆனால் மற்றவை இல்லாமல் அதை மட்டும் ஒருவர் ஏன் உள்ளே அனுப்ப விரும்ப வேண்டும் என்ற கேள்வி எழுந்ததால், சந்தேகத்தின் பேரில் அதுவும் வைத்துக்கொள்ளப்பட்டது. புத்தகம் உள்ளடக்க ஆய்வுக் குழுவின் பார்வைக்குப் போயிற்று. குழு இன்னும் அமைக்கப்படவில்லை என்பதைத் தவிர அந்த ஏற்பாட்டில் குறை எதுவும் இல்லை.

கண்காணிப்பாளர் விநாயக் அவர்கள் அவளை உட்காரச் சொல்லவில்லை. எனினும் மிகக் கனிவாகவே பேசினார். அவருக்குப் பக்கத்தில் பெங்களூரிலிருந்து வந்திருந்த திட்ட ஒருங்கிணைப்பாளர் நிக்கோல் என்ற பெண்மணி, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு புன்னகையோடு இருந்தார்.

“நோடிம்மா,” என்று கன்னடத்தில் கூப்பிட்டுத் தொடங்கினார் விநாயக், “புத்தகம் யார் வேணும்னாலும் கொடுக்கலாம். குடும்பத்தை யார் கொடுப்பாங்க? அதுக்குத்தான் இந்தக் குடும்பக் கல்விப் பங்கேற்புத் திட்டம். ஆறு புதன்கிழமை, ஆறு அமர்வு. ஒவ்வொண்ணுக்கும் நூறு மார்க். கடைசி அமர்வுல எழுபத்தஞ்சு வந்தா சர்டிஃபிகேட். சர்டிஃபிகேட் வந்தா உங்க ஃபாரத்துல கையெழுத்து.”

“மார்க்கு பையனுக்குங்களா சார்?”

“உங்களுக்கு.”

லூயிசா தலையாட்டினாள். “சரிங்க சார். சனிக்கிழம சனிக்கிழம பையனப் பாக்க வுடுவீங்களே, இந்த வாரம் எத்தினி மணிக்கு வரட்டும்?”

இதற்கு நிக்கோல் பதில் சொன்னார். “மேடம், அது வெறும் விசிட்டிங். பங்கேற்பு அதைவிட ரொம்ப உயர்ந்தது. உயர்ந்தது வந்த பிறகு தாழ்ந்தது எதுக்கு? ஸோ, நிறுத்திட்டோம்.”

திட்டத்தின் தொடக்க விழா அடுத்த புதன்கிழமை நடைபெற்றது. பெற்றோர் பதினான்கு பேர் வெயிலில் வரிசையாக நின்றார்கள். அவர்களைக் கௌரவிப்பதற்காக வந்திருந்த அலுவலர்கள் பந்தலுக்குள் உட்கார்ந்தார்கள். சுரங்கக் கழிவுமண் குவிந்த சைனைட் மேட்டுப் பக்கமிருந்து காற்று எழுந்து, பெற்றோர்களின் தலைகளில் வெள்ளைப் புழுதியைத் தூவிற்று. பந்தலுக்குத் துணி கட்டியிருந்ததால் மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு பெற்றோர் அனைவரும் வலக்கையை நீட்டி உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். “என் பிள்ளையின் கல்விக்கு இதுவரை நானே தடையாக இருந்தேன் என்பதை மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொள்கிறேன்” என்று அது தொடங்கியது.

விநாயக் அவர்களின் உரை நாற்பது நிமிடம் நீடித்தது.

“உங்க பிள்ளைங்க ஏன் கெட்டுப்போனாங்க? நீங்க நேரம் ஒதுக்கலை. விடியறதுக்கு முன்னே ரயிலேறி பெங்களூர் போறீங்க, ராத்திரி வர்றீங்க. கேட்டா வேலைங்கறீங்க. எனக்கு வேலை இல்லையா? எனக்கும் ஒரு மகன் இருக்கான். மைசூர் ஹாஸ்டல்ல படிக்கிறான். இந்தத் திட்டத்தைத் தயார் பண்ற வேலையில நான் அவனைப் பார்த்து நாலு மாசம் ஆச்சு. ஆனா அவன் ஸ்கூல்ல நடக்கிற ஒரு பெற்றோர் கூட்டத்தைக்கூட நான் தவறவிட்டது கிடையாது. ஒவ்வொண்ணுக்கும் என் டிரைவரை அனுப்பறேன். டிரைவர் கையெழுத்துப் போட்டுட்டு வர்றார். அதுக்குப் பேர்தான் பங்கேற்பு!”

பந்தலுக்குள் கைதட்டல் எழுந்தது. வெயிலில் நின்றவர்களும் கைதட்டினார்கள். தட்டாதவர்களின் பெயரை ஏசுபாதம் குறித்துக்கொள்ள வேண்டும் என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது.

அதே நாளில் முதல் அமர்வும் தொடங்கியது. பெரிய கூடத்தில் பதினான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண். ஒவ்வொன்றின் மீதும் இல்லத்துச் சீருடைச் சட்டை ஒன்று பொத்தான் போட்டு மாட்டப்பட்டிருந்தது. லூயிசாவை ஏழாம் எண் நாற்காலிக்கு எதிரே உட்காரவைத்தார்கள். அவள் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கதவு திறக்கவில்லை.

“மேடம், புள்ளைங்க எப்ப வருவாங்க?”

“வர மாட்டாங்க மேடம்,” என்றார் நிக்கோல். “ஒவ்வொரு அமர்வுக்கும் எட்டு போட்டோ ஏத்தணும். போட்டோ இல்லேன்னா அமர்வு நடந்ததா ஆகாது. ஆனா சட்டப்படி பிள்ளைங்க முகம் போட்டோல வரக் கூடாது. பிள்ளைங்க இருந்தா போட்டோ எடுக்க முடியாது. போட்டோ எடுக்கலைன்னா பங்கேற்பு இல்லை. ஸோ, பிள்ளைங்க பக்கத்து ஹால்ல பாதுகாப்பா இருக்காங்க. நீங்க தாராளமா ஆரம்பிக்கலாம்.”

“நாற்காலிக்கா மேடம் சொல்லிக்குடுக்கணும்?”

“நாற்காலின்னு நினைக்காதீங்க. அதுதான் முதல் படி.”

லூயிசாவுக்கு வலப்பக்கத்தில், நான்காம் எண்ணுக்கு எதிரே, பூதிகோட்டையிலிருந்து வந்த காத்தவராயன் என்ற தக்காளி விவசாயி உட்கார்ந்திருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெகுநேரம் நாற்காலியைப் பார்த்துவிட்டு, “ரூபேஷு, நாத்து நட்டுட்டேன்டா. நீ இல்லாததால உங்கம்மாதான் தண்ணி பாச்சறா,” என்றார். அப்படியே குனிந்து சட்டையை முகத்தோடு சேர்த்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, “அம்மா, இது எம்புள்ள சட்ட இல்லியே,” என்றார்.

“ஆமாம் சார். அடையாளம் வெளியே தெரியக் கூடாதுன்னு எல்லார் சட்டையையும் மாத்திப் போட்டிருக்கோம்.”

அவருக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு மதிப்பெண் கிடைத்தது. “உணர்ச்சி அதிகம். பாடக்குறிப்பு இல்லை. பாடத்திட்டத்துக்கு வெளியே தக்காளி” என்று குறிப்பு எழுதப்பட்டது. லூயிசாவுக்கு முப்பத்தொன்று. “பங்கேற்பாளர் பதினான்கு முறை கதவைப் பார்த்தார். நாற்காலியுடன் கண் தொடர்பு போதாது.” கண் தொடர்பு, குரலின் கனிவு, பாடக்குறிப்பு, உடை என்று மதிப்பெண் தாளில் பல கட்டங்கள் இருந்தன. பிள்ளைக்கு ஏதேனும் தெரியவந்ததா என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. தாளில் இடம் போதவில்லை.

லூயிசா பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அதுவும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு. பெங்களூரில் ஒரு கார்மென்ட் ஃபாக்டரியில் சட்டைக் காலர் தைக்கிறாள். மறுநாள் விடியற்காலை ரயிலில், எப்போதும் அவளோடு உட்காரும் பார்வதம்மா, அவள் மடியில் இருந்த கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டாள்.

“இன்னாடி இது, புள்ளய ஜெயில்ல போட்டா அம்மாவுக்கு ஹோம்வொர்க்கா?”

“ஜெயிலுன்னு சொல்லாதக்கா. இல்லம்.”

“இல்லமா! அப்ப சாவி யார் கையில கீது?”

எதிர் இருக்கையில் இருந்த ராகேஷ் என்ற இன்ஜினியரிங் மாணவன் சிரித்தான். அவனும் தினமும் அதே பெட்டியில் வருபவன். அன்று முதல் சாம்பியனிலிருந்து பங்காரப்பேட்டை வரை இயற்கணிதம், அதற்கப்பால் முக்கோணம் என்று அவளுக்கு அவன் சொல்லிக்கொடுத்தான்.

“எக்ஸுன்னா பயப்படாதீங்க ஆண்டி. ஆளு யாருன்னு தெரியாதப்போ சும்மா ஒரு பேரு வெக்கறது, அவ்ளோதான்.”

“அது எங்க இல்லத்துலயும் நடக்குதுப்பா. அங்க ஏழுன்னு வெச்சிக்கீறாங்க.”

இரண்டாம் புதன்கிழமை லூயிசா நாற்காலியின் கண்ணைப் பார்த்துப் பேசினாள். நாற்காலிக்குக் கண் எங்கே என்று அவள் நிக்கோலிடம் கேட்கவில்லை. சட்டையின் இரண்டாம் பொத்தானை வைத்துக்கொண்டாள். நூறு தையல் மெஷின்களின் இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டை அவளுடையது. ஆகவே குரல் கூடம் முழுதும் கேட்டது.

“எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் அஞ்சு எக்ஸ் பிளஸ் ஆறு, ஈக்வல் டு ஜீரோ. எக்ஸு எத்தினிடா ராஜா? நல்லா யோசிச்சு சொல்லு.”

நாற்காலி யோசித்தது. அப்போது கூடத்துக்கும் பக்கத்து ஹாலுக்கும் நடுச்சுவரை ஊடுருவிப் போகும் தண்ணீர்க் குழாயில் ஒரு சத்தம் எழுந்தது. டக், டக். சற்று இடைவெளி. டக், டக், டக்.

இரண்டு, மூன்று. விடை சரி.

தங்க வயலுக்கு வெளியே வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது. சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கடியில் பாறை வெடித்து வழி அடைபட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் காற்றுக் குழாயைத் தட்டுவார்கள். மூன்று தட்டு, நிறுத்தம், மறுபடி மூன்று தட்டு. ஆள் இருக்கிறது என்று பொருள். மேலே இருப்பவர்கள் அதையே திருப்பித் தட்டுவார்கள். லைன் வீடுகள் பத்துக்கும் ஒரே நடுச்சுவர்தான் என்பதால், சுரங்கம் மூடிய பிறகும் அந்தத் தட்டு வீடுகளில் நிலைத்துவிட்டது. உடம்பு முடியாதவர்கள் அதைத் தட்டித்தான் பக்கத்து வீட்டைக் கூப்பிடுவார்கள். டென்சில் பேசத் தொடங்கும் முன்பே சுவர் தட்டக் கற்றவன்.

லூயிசா, பாடம் நடத்துவதற்கென்று கொடுத்திருந்த டஸ்டரின் கட்டையால் குழாயை மெதுவாகத் தட்டினாள். மூன்று; மூன்று. உடனே பதில் வந்தது. மூன்று; மூன்று. ஒரு மாதமாகக் கேட்காத மகனின் குரலை அவள் கேட்டது போல் இருந்தது. ஆனால் அழுதால் மதிப்பெண் போய்விடும் என்று காத்தவராயனைப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்ததால், சட்டையின் இரண்டாம் பொத்தானைப் பார்த்து, “அடுத்த கணக்கு,” என்றாள்.

“என்ன சத்தம் அது?” என்று கேட்டார் விநாயக்.

இல்லத்தில் ‘வழக்கத்துக்கு மாறான சத்தங்களின் பதிவேடு’ என்று ஒன்று உண்டு. தேதி, சத்தம், காரணம் என்று மூன்று பத்திகள். ஏசுபாதம் அதைத் திறந்தார். அவரும் லைன் வீட்டில் வளர்ந்தவர். லூயிசாவின் பக்கம் பார்க்காமலேயே, “பைப்புல காத்து சார்,” என்று சொல்லி, அவ்வாறே எழுதிக்கொண்டார்.

அதற்குப் பின் வந்த புதன்கிழமைகளில் குழாயில் காற்று நிறைய வந்தது. கூட்டுத்தொடரின் பொது வித்தியாசம் வந்தது. ஆறும் எட்டும் பக்கங்களாக உடைய செங்கோண முக்கோணத்துக்குப் பத்துத் தட்டுகள் வந்தன. கழித்தல் குறிக்கு என்ன செய்வது என்று லூயிசா திகைத்திருந்தபோது, எதையோ குழாயின்மீது நீளமாகத் தேய்த்துவிட்டு டென்சில் மூன்று முறை தட்டினான், மைனஸ் மூன்று. தவறான விடை வந்தால் அவள் நாற்காலியைக் கடிந்துகொள்வாள். “எத்தினி வாட்டி சொல்றது? குறிய மாத்துனியா நீ? மறுபடி போடு!” நாற்காலி பொறுமையாகக் கேட்டுக்கொள்ளும். மறுபடி தட்டு வரும்.

ஆறாம் அமர்வின் முடிவில் லூயிசாவின் மதிப்பெண் தொண்ணூற்றேழு. “இத்தனை உயிர்ப்பான பங்கேற்பை நாங்கள் எங்கும் கண்டதில்லை, நாற்காலி பதில் சொல்வது போலவே தோன்றுகிறது” என்று நிக்கோல் அறிக்கையில் எழுதினார். காத்தவராயன் ஆறு வாரமும் வந்து, பத்தொன்பதுக்கு உயர்ந்திருந்தார்.

பரிசளிப்பு விழாவில் லூயிசாவுக்குச் சிறந்த பங்கேற்புத் தாய் என்று ஒரு பித்தளைக் கேடயம் வழங்கப்பட்டது. சிறந்த பயனாளிக்கான சான்றிதழ் ஏழாம் எண் நாற்காலியின் சட்டைப் பையில் செருகப்பட்டது. எட்டுப் போட்டோக்கள் எடுத்தார்கள். லூயிசா கேடயத்தை இறக்கி வைத்துவிட்டு, “சார், ஃபாரம்?” என்றாள்.

“அப்பவே நாங்களே பூர்த்தி பண்ணி, கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சும்மா,” என்றார் விநாயக்.

அவள் அவரைக் கும்பிட்டாள். அந்த ஒரு கும்பிடுதான் பின்னாளில் அவளை மிகவும் சுட்டது. மறுநாள் ரயில் பெட்டிக்கே மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தாள். “நாற்காலிக்கு எடுத்து வெச்சியாடி?” என்று பார்வதம்மா கேட்க, பெட்டி முழுக்கச் சிரித்தது, லூயிசாவும் சிரித்தாள்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு ஹால் டிக்கெட் வந்தது. தேர்வர் பெயர்: நாற்காலி எண் 7. தாயின் பெயர்: லூயிசா. புகைப்படத்தில் ஏழாம் எண் நாற்காலி, சீருடைச் சட்டையோடு, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் ஃபாக்டரிக்குப் போகாமல் இல்லத்துக்கு ஓடினாள்.

“அடையாளத்தைக் காக்க வேண்டியது எங்க கடமைம்மா,” என்றார் விநாயக். “ஆறு அமர்வுக்கும் பதிவேடு அந்தப் பேர்லதான் இருக்கு. பங்கேற்பு ஒரு பேர்ல, தேர்வு வேற பேர்லன்னா ஆடிட்ல கேட்க மாட்டாங்களா?”

“சார், பேரு எதுனா இருந்துட்டுப் போவுது. பையன அனுப்புங்க சார், எழுதிட்டு வந்துடுவான். அவுனுக்குக் கணக்கு இப்ப நல்லா வருது சார்.”

“பையன் பேர்ல விண்ணப்பமே இல்லையேம்மா. விண்ணப்பம் இல்லாத பையனை நான் எப்படி வெளியே அனுப்புவேன்? அது சட்டவிரோதம்.” அவர் குரலில் உண்மையான அதிர்ச்சி இருந்தது. “அதுவும் அவனுக்குக் கணக்கு வருதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் அவனைப் பார்க்கவே இல்லையே!”

லூயிசாவின் வாய் திறந்தது. வாசலில் ஏசுபாதம் நின்றுகொண்டிருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். குழாயைப் பற்றிச் சொன்னால் குழாயை அறுத்துவிடுவார்கள்.

நிக்கோல் ஆறுதலாக ஒரு தாளை நீட்டினார். பெயர்த் திருத்த விண்ணப்பம். அதைத் தேர்வர் நேரில் வந்து கொடுக்க வேண்டும் என்று கீழே அச்சிட்டிருந்தது.

தேர்வன்று காலை, ராபர்ட்சன்பேட்டையில் தேர்வு நடக்கும் பள்ளியின் வாசலில் லூயிசா ஏழரை மணிக்கே நின்றாள். கடைசி நேரத்தில் யாருக்காவது மனம் மாறியிருக்கும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. ஒன்பதரைக்கு இல்லத்து ஜீப் வந்தது. காவலர் இருவர் முதலில் இறங்கி இருபக்கமும் பார்த்தார்கள். பிறகு பின்கதவைத் திறந்து நாற்காலியை இறக்கினார்கள். அது தப்பி ஓடிவிடாதபடி ஒருவர் அதன் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியாக ஏசுபாதம் ஹால் டிக்கெட்டோடு இறங்கினார்.

“அண்ணே, இது உங்களுக்கே நல்லாக்கீதா?”

“நான் இன்னாம்மா பண்றது? ஆர்டர்ல நாற்காலின்னு போட்டுக்கீறாங்க. கொண்டாரலைன்னா எனக்கு மெமோ.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “பையன் நேத்து ராவெல்லாம் தட்டிக்கினே இருந்தான். காத்துன்னு எழுதிட்டேன்.”

தேர்வறை மேற்பார்வையாளர் நேர்மையானவர். ஹால் டிக்கெட்டில் இருந்த படத்தையும் நாற்காலியையும் மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒத்திருந்தது. அந்த அறையில் படத்தோடு முழுமையாக ஒத்திருந்த தேர்வர் அது ஒன்றுதான். மற்றப் பிள்ளைகள் படம் எடுத்தபின் சற்று வளர்ந்திருந்தார்கள். அவர் நாற்காலியை ஒரு நாற்காலியின்மேல் உட்காரவைத்து, வினாத்தாளை எதிரே வைத்தார். மணி அடித்தது.

தேர்வு முடிந்து வெளியே வந்த பெண் ஒருத்தியிடம் வினாத்தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, லூயிசா இல்லத்தின் பின்புற மதிலுக்குப் போனாள். அங்கே முள்செடிகளுக்கு நடுவே அந்தக் குழாய் வெளியே வந்து தொட்டியில் இறங்குகிறது. அவள் முட்களில் உட்கார்ந்து, குழாயோடு வாயை வைத்து ஒவ்வொரு கேள்வியாகப் படித்தாள். உள்ளேயிருந்து தட்டு வந்தது. தேய்ப்பு வந்தது. படம் வரைகிற கணக்குகளுக்கும் நிரூபணங்களுக்கும் தட்டு இல்லை. அவற்றுக்கு அவள் மதிப்பெண் எதுவும் போடவில்லை. அப்படிக் கறாராகத் திருத்தியும் எண்பதுக்கு ஐம்பத்தெட்டு வந்தது. தேறியிருப்பான். அவள் அதைப் புடவைத் தலைப்பின் ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டாள். வேறு எந்தப் பதிவேட்டிலும் அது ஏறப்போவதில்லை.

மூன்று வாரம் கழித்து இல்லத்திலிருந்து கடிதம் வந்தது.

“மதிப்பிற்குரிய பங்கேற்பாளருக்கு. தங்கள் பொறுப்பிலுள்ள பயனாளி (நாற்காலி எண் 7) கணக்கில் பூஜ்யம் மதிப்பெண் பெற்றுள்ளார் என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். எனினும் தேர்வறையில் பயனாளியின் நடத்தை மிகச் சிறப்பாக இருந்தது எனவும், திரும்பிப் பார்க்கவோ பேசவோ இல்லை எனவும் பாராட்டு வந்துள்ளது. இது திட்டத்தின் வெற்றியாகும். தோல்விக்குக் காரணம் குடும்பத்தின் ஈடுபாடு போதாமையே என ஆய்வில் தெரியவருகிறது. எனவே தாங்கள் வரும் புதன்கிழமை முதல் அமர்விலிருந்து மீண்டும் பங்கேற்குமாறு அன்புடன் அழைக்கப்படுகிறீர்கள். வரும்போது கேடயத்தைத் திருப்பித் தரவும்.”

ரயிலில் ராகேஷ் அதை வாசித்துவிட்டு, மடித்து அவளிடமே கொடுத்தான். பார்வதம்மா அன்று கிண்டல் செய்யவில்லை. “போவியாடி?” என்று மட்டும் கேட்டாள்.

“போவேன்க்கா.”

புதன்கிழமை லூயிசா கேடயத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனாள். கூடத்தில் இப்போது இருபத்திரண்டு நாற்காலிகள் இருந்தன, திட்டம் விரிவடைந்திருந்தது. நான்காம் எண்ணுக்கு எதிரே காத்தவராயன், யாரோ ஒரு பிள்ளையின் சட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். விநாயக் அவர்கள் உரையைத் தொடங்கினார்.

“தோல்வி அடைந்த தாயார் ஒருவர் மறுபடியும் வந்திருக்காங்க. இதைவிட இந்தத் திட்டத்துக்கு என்ன வெற்றி வேணும்? நாங்க பிள்ளைங்களை எப்ப வேணும்னாலும் வெளியே விட்டுடலாம். ஆனா பெற்றோரை விட மாட்டோம்! ஏன்னா…”

லூயிசா எழுந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவள் வாழ்க்கையில் அனுமதி கேட்காமல் செய்த முதல் காரியம் அதுவாக இருக்கலாம். குழாய் சுவருக்குள் போகும் இடத்துக்கு நடந்து, பையிலிருந்து பித்தளைக் கேடயத்தை எடுத்தாள். அதன் விளிம்பால், தோள் வலிக்க, ஓங்கி அடித்தாள். மூன்று. நிறுத்தம். மூன்று.

பதில் உடனே வந்தது. மூன்று; மூன்று. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று எழுந்தது. பிறகு சுவரின் அந்தக் கோடியிலிருந்து ஒன்று. ஜன்னல் கம்பியில் ஒன்று. சாப்பாட்டுத் தட்டில் ஒன்று. டென்சில் இத்தனை வாரமும் உள்ளே சும்மா இருக்கவில்லை. தனக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். சுவர் முழுதும் தட்டிற்று. நாற்காலிகளின்மேல் மாட்டியிருந்த சட்டைகள் அதிர்ந்தன. காத்தவராயன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து, சுவரில் காதை வைத்து, “ரூபேஷு!” என்றார். ஒரு தட்டு மட்டும் தனியாக, அவசரமாக, அவர் காதின் அருகிலேயே கேட்டது.

“என்னய்யா சத்தம் அது? எழுதுய்யா, எழுது!” என்று விநாயக் கத்தினார்.

ஏசுபாதம் பதிவேட்டைத் திறந்தார். தேதி எழுதினார். சத்தம் என்ற பத்தியில் ‘தட்டல்’ என்று எழுதினார். காரணம் என்ற பத்தியில் அவருடைய பேனா வெகுநேரம் நின்றது. பிறகு, காற்று என்று எழுதாமல், அழகான கையெழுத்தில், ‘உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்’ என்று எழுதி, பதிவேட்டைக் கண்காணிப்பாளரின் முன் வைத்தார்.

விநாயக் அவர்கள் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து, ‘ஆட்கள்’ என்பதை அடித்து, மேலே ‘நாற்காலிகள்’ என்று எழுதினார். ‘இருக்கிறார்கள்’ என்பதை ‘இருக்கின்றன’ என்று திருத்தினார். கீழே சுருக்கொப்பமிட்டு, தேதியும் இட்டார்.

சுவர் தட்டிக்கொண்டே இருந்தது.